பச்சைக் கூரையின் துளைகள்

ஜவுபர் காருக்குள் மல்லாக்கப் படுத்துக்கொண்டு முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருக்கைகளைக் கழற்றி வெளியே வைத்திருந்தபடியால் அவருடைய நீண்ட கால்கள் இரண்டும் கதவுக்கு வெளியே வந்து, அச்சிமுகம்மதுவின் கராஜில் எண்ணெய் ஊறிய மண்ணில் கிடந்தன. நெடுநேரமாக ஆள் அசையவில்லை.

“காக்கா, நித்திரையெண்டாச் செல்லுங்க. நான் போய் பிளேன்ரீ ஒண்டு குடிச்சித்து வாறன்,” என்றான் சாமித்தம்பி.

காக்கா என்றால் அந்தப் பக்கத்து முஸ்லிம்களின் பேச்சில் அண்ணன். பதில் வராது என்று சாமித்தம்பிக்குத் தெரியும். முன்பு அவன் கல்முனைத் தியேட்டர் ஒன்றில் டிக்கட் கிழித்துக்கொண்டிருந்தவன். வாய் சும்மா இராமல், படம் பார்க்க வருகிறவர்களிடம் வாசலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறான் என்று முதலாளி அவனை நிற்பாட்டிவிட்டார். ஜவுபர் பொலிசில் சார்ஜனாக இருந்தவர். மேலதிகாரி ஒருவர் எழுதிய பொய் அறிக்கையில் கையெழுத்து வைக்க மாட்டேன் என்று தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தவர். வேலை போன இருவரும் பஸ் டிப்போவுக்கு எதிரே ஒரு தேநீர்க் கடையில் ஒரே வாங்கில் உட்காரப்போய் இந்தக் கூட்டு அமைந்தது. காணாமற்போன மாடு, காணாமற்போன சைக்கிள், காணாமற்போன புருஷன், எதுவானாலும் தேடிக் கொடுப்பார்கள். மாட்டையும் சைக்கிளையும் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். புருஷன்தான் கஷ்டம்.

இப்போது தேடுவதும் ஒரு புருஷனைத்தான். மருதமுனை மீராசாஹிபு, வாடகைக் கார் ஓட்டியவன். எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளியன்று பின்னேரம் தன் பழைய ஒஸ்டின் காரில் ஒரு ஹயருக்குப் புறப்பட்டுப் போனான். காற்று அடித்து ஓய்ந்தபோது ஊரில் நிமிர்ந்து நின்ற தென்னை இல்லை, கூரையுள்ள வீடு இல்லை, மீராசாஹிபுவும் இல்லை. அவன் போன காரையும் எவரும் காணவில்லை. கடல் கொண்டுபோய்விட்டது என்று முதல் வருஷம் ஊர் சொன்னது. இரண்டாம் வருஷம் ஊருக்கு அந்தக் கதை அலுத்துவிட்டது. ஆளைக் கடல் கொண்டுபோகும், காரையுமா கொண்டுபோகும், எங்கோ வேறு குடும்பம் வைத்துக்கொண்டு சொகுசாக இருக்கிறான் என்று சொல்லத் தொடங்கிற்று. ஊருக்கு வாய் வலிப்பதே கிடையாது.

அவன் மனைவி றாஹிலா ஆள் அனுப்பி ஜவுபரை அழைத்து, கதவுச் சீலைக்குப் பின்னால் நின்று கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“அவரு உசிரோட இரிந்தா என்ன உட்டுட்டுப் போயிட்டாரு. மௌத்தாப் போயிரிந்தா நான் இத்தா இருக்கணும். ரெண்டில எது எண்டு மட்டும் செல்லுங்க காக்கா. பொஞ்சாதியா கைம்பொண்ணா எண்டு தெரியாம எத்தின நாளைக்கு நான் இரிக்கிற?”

இத்தா என்பது புருஷன் இறந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்தி வீட்டுக்குள் இருந்து துக்கம் காப்பது. றாஹிலாவுக்குத் துக்கம் நிறைய இருந்தது. அதைத் தொடங்குவதற்கு ஒரு நாள்தான் கிடைக்கவில்லை.

அவள் சொன்ன அடையாளம் காரின் கூரை. வள்ளத்துக்கு அடிக்கிற பச்சைப் பெயின்ற் எங்கேயோ மிஞ்சியிருந்ததை வாங்கிவந்து மீராசாஹிபு தன் கையாலேயே கூரை முழுக்கப் பூசியிருந்தான். கடற்கரை நெடுகிலும் கார்த் தகர வேலை செய்கிற அத்தனை பேரிடமும் ஜவுபர் சொல்லிவைத்தார். பச்சைக் கூரை ஒன்று கண்ணில் பட்டால் உடனே எனக்கு ஆள் அனுப்புங்கள் என்றார். அன்று காலை அச்சிமுகம்மது அனுப்பினான்.

கராஜில் நின்ற கார் மீராசாஹிபுவினது அல்ல. சம்மாந்துறை றைஸ்மில் முதலாளி இப்றாஹிமின் வாப்பா காலத்து ஒஸ்டின் அது. சூறாவளியில் தென்னை விழுந்து கூரை சப்பளிந்துபோனது. வாப்பா ஓடிய காரைப் பழைய இரும்புக்குக் கொடுக்க முதலாளிக்கு மனம் வரவில்லை. அதே சாதிக் காரின் கூரை ஒன்று கிடைத்ததும், நசுங்கியதை வெட்டி எடுத்துவிட்டு அதை வைத்து ஒட்டும்படி அச்சிமுகம்மதுவிடம் கொடுத்தார். முதல் மழைக்கே ஒட்டு ஒழுகிற்று. முதலாளி சத்தம்போட்டுக்கொண்டு காரைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டார். ஒழுகும் இடத்தைத் தேடி அச்சிமுகம்மது கறுப்புப் பெயின்றைச் சுரண்டினான், அதன் கீழே கிடந்த தாரையும் சுரண்டினான். தாருக்கு அடியில் பச்சை தெரிந்தது.

“சாமித்தம்பி, உள்ள வா,” என்றார் ஜவுபர்.

“ஒராள் படுக்கிற இடத்தில ரெண்டு பேர் படுத்தா அச்சிமுகம்மது லொட்ஜ் வாடகை கேப்பான்.”

சொல்லிக்கொண்டே சாமித்தம்பி உள்ளே நுழைந்து பக்கத்தில் படுத்தான். ஜவுபர் டோர்ச்சை அடித்து முதலில் காட்டியது கூரையைத் தாங்கும் தூண்களை. அச்சிமுகம்மது அரிந்து ஒட்டிய இடம் நேராக இருந்தது. அதற்குச் சற்று மேலே பழைய வெட்டு ஒன்று பல்லுப் பல்லாகத் தெரிந்தது. கோடரியால் கொத்தியது என்றார் ஜவுபர். வெளியே நின்ற அச்சிமுகம்மது அதைக் கேட்டதும், கொத்திக் கிழித்த கூரைக்கு எத்தனை துண்டுதான் வைத்து ஒட்டுவது, ஒழுகாமல் என்ன செய்யும் என்று தன் ஒழுகலுக்கு நியாயம் சொன்னான்.

இரண்டாவதாகக் காட்டியது துணி. கூரையின் உட்புறத்தில் விளிம்போடு ஓடிய மரச்சட்டத்தின் அடியில், முன்பு தைத்திருந்த சீலையின் கரை மட்டும் விரல் அகலத்துக்கு மிஞ்சியிருந்தது. வெள்ளை நிறம், ஓரத்தில் மெல்லிய நீலக் கோடு, மருதமுனைக் கைத்தறி.

“வெட்டின விதத்தப் பாரு,” என்றார் ஜவுபர். “பிளேட்டால, நூல் பிடிச்ச மாதிரி வெட்டிரிக்கி. தகரத்தக் கோடரியால கொத்தினவன் பழஞ்சீலைய ஏன் இவ்வளவு பத்திரமா எடுத்த?”

“பொஞ்சாதிக்குச் சட்டை தைக்க.”

“சரி, இது எதுக்கு?” டோர்ச் வெளிச்சம் கூரையின் விளிம்புக்குப் போயிற்று. ஈயம் வைத்து அடைத்த துளைகள் சில தெரிந்தன.

“கோழிக்குக் காத்துப் போக.” முகத்துவாரத்தடி மீன்பிடிக் குடியிருப்பில் அமிர்தலிங்கம் என்பவரின் கோழிக்கூட்டுக்கு மேலே கிடந்த கூரையைத்தான் சிங்குத் தகரம் கொடுத்து மாற்றி எடுத்துவந்ததாக அச்சிமுகம்மது சொல்லியிருந்தான்.

“காத்துக்கெண்டா நடுவில போடுவான். இது விளிம்பில சோடி சோடியா இரிக்கி. இந்தப் பக்கத்துக்கு நேரா அந்தப் பக்கம். ஆணி வெச்சி அடிச்ச துளை. தும்புக் கயிறு இறுக்கி உரசின தடமும் கிடக்கு.”

அவர் கத்தி நுனியால் துணிக்கரையைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். சாமித்தம்பிக்கு மனதில் ஓடிய படம் நல்ல படமாக இல்லை. ஒருவனுடைய காரைக் கோடரியால் துண்டு போடுகிறவர்கள் காரோட்டியை என்ன செய்திருப்பார்கள் என்று கேட்டுவிட்டு, கேட்டதற்காகத் தன் நாக்கையே கடித்துக்கொண்டான். ஜவுபர் மறுத்துச் சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மருதமுனையில் றாஹிலா துணிக்கரையைக் கையில் வாங்கி, வெள்ளையையும் நீலத்தையும் பார்க்காமல் நேரே தையலைத் திருப்பிப் பார்த்தாள். பாதித் தூரம் வெள்ளை நூல் ஓடியிருந்தது. அங்கிருந்து சிவப்பு நூல்.

“நான் தச்சது,” என்றாள் சீலைக்குப் பின்னாலிருந்து. “வெள்ள நூல் முடிஞ்சி போச்சி, பாதிக் கரையும் நடு மூட்டும் மிச்சம் கிடந்திச்சி. வேறொண்டு வாங்கித் தாங்க எண்டன். ‘சிவப்பில தை, அண்ணாந்து பாக்கிறவன் ஆரு’ எண்டாரு.”

அதைச் சொல்லும்போது குரலில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. பிறகு கூரை நசுங்கியிருந்ததா என்று கேட்டாள். இல்லை என்றார் ஜவுபர். அந்தக் கேள்விக்கு அவர் பொய் சொல்லியிருக்கலாம். பொய் சொல்லித் தெரியாத மனுஷன்.

“எல்லார்ட காரும் நசுங்கிச்சி. அவருட கார் மட்டும் நசுங்கல்ல,” என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள் றாஹிலா. “அப்ப ஊரு செல்றது சரிதான். கார வித்துப்போட்டுப் போயிட்டாரு.”

செத்துவிட்டான் என்று கேட்பதற்கு அவள் தன்னைத் தயார் பண்ணி வைத்திருந்தாள். விட்டுவிட்டுப் போனான் என்பதற்கு அந்தத் தைரியம் போதவில்லை. சீலைக்குப் பின்னால் அவள் கீழே உட்கார்ந்த சத்தம் கேட்டது. இன்னும் ஒரு நாள் பொறுக்கச் சொல்லிவிட்டு ஜவுபர் எழுந்து வந்தார்.

முகத்துவாரத்தடிக்கு ஜவுபரின் ஹொண்டாவில் போனார்கள். களப்பு கடலோடு சேருகிற இடம் அது. தார் ரோடு முடிந்து, மணல் தொடங்கி, பிறகு மணலைத் தவிர வேறொன்றும் இல்லை. கடைசித் துண்டை இருவரும் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கடந்தார்கள். யார் யாரை ஏற்றிப் போகிறார்கள் என்று சாமித்தம்பி முனகினான்.

அமிர்தலிங்கம் குடிசை வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், மெலிந்த ஆள். கூரையைப் பற்றிக் கேட்டதும் கையை நிறுத்தாமலே பதில் சொன்னார். சூறாவளிக்குப் பிறகு மணலில் ஒரு கார் புதைந்து கிடந்தது, வீடு வாசல் இல்லாத சனம் ஆளுக்கொரு துண்டாக எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான் என்றார். காருக்குள் ஆள் இருந்தாரா என்று ஜவுபர் கேட்டார். இல்லை என்றார். சொல்லும்போது ஜவுபரின் முகத்தைப் பார்க்கவில்லை. குடிசைக்குள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சத்தமும் அந்த நேரத்தில் நின்றுவிட்டது.

சாமித்தம்பி சுற்றிவரப் பார்த்தான். ஒரு வளவில் கிணற்றடி மறைப்பாகக் கார்க் கதவு நின்றது. புங்கை மரத்தின் கீழே கார் ஆசனத்தில் ஆட்டுக்குட்டி ஒன்று ஒய்யாரமாகப் படுத்திருந்தது. ஹயருக்குப் போகக் காத்திருக்கிறதாக்கும் என்று சொல்ல வாயெடுத்தான். அப்போதுதான் குடிசைகளுக்கு அப்பால், தாழை மரங்களின் பக்கத்தில், முள்ளு வேலி போட்ட ஒரு சின்ன இடம் கண்ணில் பட்டது. ஆடு மாடு போகாதபடி சுற்றிவர அடைத்திருந்தது. உள்ளே ஒரு மண்மேடு. அதன் ஒரு தலைப்பில் ஒரு பலகையும் மறு தலைப்பில் ஒரு பலகையும் நட்டிருந்தது.

அவனுடைய சனம் அப்படி நடுவதில்லை. ஆனால் நாள்தோறும் கல்முனையில் அவன் சைக்கிளில் கடக்கிற முஸ்லிம் மையவாடியில் புதைகுழி தோறும் இரண்டாக அந்த மாதிரிப் பலகைகள்தான். மீசான் பலகை என்பார்கள். பகிடியை விட்டுவிட்டு ஜவுபரின் முழங்கையைத் தொட்டுக் காட்டினான்.

ஜவுபர் பார்த்தார். பிறகு அமிர்தலிங்கத்துக்கு முன்னால் மணலிலேயே சம்மணம் கொட்டி உட்கார்ந்தார்.

“அண்ணன், அந்தத் துளையில கயிறு போட்டு, கம்பு குடுத்து, தோளில தூக்கிரிக்கீங்க. தூக்கினது சாமான் இல்ல. சீலைய வெட்டினது சட்டை தைக்கவும் இல்ல,” என்றார். குரலில் பொலிஸ் இல்லை. “அவரு பேர் மீராசாஹிபு. பொஞ்சாதி இன்னம் வாசலப் பாத்துக்கிட்டு இரிக்கா.”

வலை ஊசி நின்றது. அமிர்தலிங்கத்தின் மனைவி நேசம்மா ஈரக் கையோடு வெளியே வந்து நின்றாள்.

“செல்லுங்கோ,” என்றாள் புருஷனைப் பார்த்து. “இனியாவது செல்லுங்கோ. நித்திர கொண்டு எத்தின நாளாச்சி.”

அமிர்தலிங்கம் சொன்னார். வெள்ளம் வடிந்த காலையில் கார் கண்ணாடி மட்டத்துக்கு மணலில் புதைந்து கிடந்தது. உள்ளே ஒரு மனிதன், கை இரண்டும் சுக்கானில். சட்டைப்பையில் தொழுகைத் தொப்பி மடித்து வைத்திருந்தது. அந்தக் குடியிருப்பிலும் அன்று எடுக்க வேண்டிய பிணங்கள் கிடந்தன. அவற்றில் ஒன்று அமிர்தலிங்கத்தின் தம்பி. ரோடு இல்லை, பாலம் இல்லை, வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. தங்கள் ஆட்களைக் கிடைத்த பாயில் சுற்றி எடுத்தார்கள். இந்த மனிதனை அப்படி எடுக்க அமிர்தலிங்கத்துக்கு மனம் ஒப்பவில்லை.

“உங்கட ஆக்கள் பெட்டி மாதிரி ஒண்டில வெச்சித் தூக்கிப் போறதக் கண்டிரிக்கன் ஐயா. சந்தூக்கு எண்டு செல்லுவாங்க. பலகத் துண்டு ஒண்டுமில்ல, எல்லாம் கடல் கொண்டு போயித்து. அதான் கூரையக் கொத்தி எடுத்து, கவுத்துப் போட்டு, அதில வெச்சித் தூக்கினம். வெள்ளச் சீல சுத்திறதும் தெரியும். இந்த ஊரில கிழியாமக் கிடந்த வெள்ளச் சீல காருக்குள்ள மேல தச்சிரிந்தது ஒண்டுதான். அதக் கிழிச்சிரப்படாதெண்டு இவதான் பிளேட்டால வெட்டி எடுத்தா.”

நேசம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஏன் ஒருவரிடமும் சொல்லவில்லை என்று ஜவுபர் கேட்டார். அமிர்தலிங்கம் வலையைத் தள்ளி வைத்தார்.

“முதல் ரோடு இல்ல. மறுகா ரோடு வந்திச்சி, அதுக்கிடையில கதவு சீற்று எல்லாம் ஆளுக்கொண்டா எடுத்திட்டம். நம்பர்த் தகட்டக் கூடப் பயத்தில மணலுக்குள்ள தாட்டுப்போட்டம், கூரையில பச்சை தெரியாமத் தார் பூசினம். ஆர் நம்புவாங்க ஐயா, காரத்தான் உரிச்சம், மனிசன ஒண்டும் செய்யல்ல எண்டு? இண்டைக்குச் செல்லுவம் நாளைக்குச் செல்லுவம் எண்டு கிடந்தன். அந்தக் கூரை கண்ணுக்கு முன்னால கிடக்கக் கிடக்க ஏலாமப் போயித்து. அதான் தகரத்துக்குக் குடுத்தன்.”

எல்லோரும் எழுந்து முள்ளு வேலிக்குப் போனார்கள். ஜவுபர் செருப்பைக் கழற்றிவிட்டு, கைலேஞ்சியைத் தலையில் கட்டிக்கொண்டு நின்றார். மண்மேட்டின் மேல் ஒரு புல் இல்லை. யாரோ அடிக்கடி பிடுங்கித் துப்புரவு செய்திருந்தார்கள்.

“மக்கம் மேற்காலதானே ஐயா?” என்று பின்னாலிருந்து அமிர்தலிங்கம் கேட்டார். “அதான் தலைய மேற்கால வெச்சம். சரியாத்தானே வெச்சிரிக்கம்?”

சாமித்தம்பி பலகைகளைப் பார்த்தான். ஒன்று மேற்கே, ஒன்று கிழக்கே. முஸ்லிம்களின் கபுறுக் குழி தெற்கு வடக்காகத்தான் இருக்கும். தலையை வடக்கே வைத்து, வலது பக்கம் சரித்து, முகத்தை மேற்கே திருப்பிப் படுக்க வைப்பார்கள். முஸ்லிம் தெருவோடு ஒட்டி வளர்ந்த அவனுக்கே அது தெரியும். ஜவுபருக்குத் தெரியாமலா இருக்கும். முகம் பார்க்க வேண்டிய திசைக்கு இந்த மனிதர் தலையையே கொடுத்துவிட்டார். அமிர்தலிங்கம் பதிலுக்காகக் கைகட்டி நின்றார். இரண்டு வருஷமாக ஒருவரிடமும் கேட்க முடியாமல் வைத்திருந்த கேள்வி அது.

“சரிதான் அண்ணன்,” என்றார் ஜவுபர். “நல்லா வெச்சிரிக்கீங்க.”

பொய் அறிக்கையில் கையெழுத்து வைக்க மாட்டேன் என்று வேலையை எறிந்துவிட்டு வந்த மனிதர் அவர். சொல்லிவிட்டுக் கைகளை ஏந்தி நின்றபோது அவருடைய தாடியில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. சாமித்தம்பி கடல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

திரும்பும் வழியில் ஜவுபர் மருதமுனைப் பள்ளிவாசலில் ஹொண்டாவை நிறுத்தி, மௌலவியைக் காண உள்ளே போனார். வந்தபோது முகம் இன்னும் இருண்டிருந்தது. இத்தனை நாளைக்குப் பிறகு புதைத்த மையத்தைக் கிளறக் கூடாது, வெள்ளிக்கிழமை ஆட்களோடு போய்க் கபுறடியிலேயே இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகை தொழுவோம் என்று மௌலவி சொன்னாராம். வேறு என்ன சொன்னார் என்று சாமித்தம்பி கேட்டதற்கு, வண்டியில் ஏறு என்றார்.

றாஹிலா வீட்டுக் கதவுச் சீலைக்கு முன்னால் உட்கார்ந்து ஜவுபர் எல்லாவற்றையும் சொன்னார். தலை வைத்த திசையை மட்டும் சொல்லவில்லை. சாமித்தம்பி வாசலில் மோட்டார் சைக்கிளோடு நின்றான். உள்ளே அழுகை எழுந்தது. ஆனால் அந்த அழுகையில் ஒரு ஆறுதலும் கேட்டது.

“என்ன உட்டுட்டுப் போகல்ல,” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள் றாஹிலா. “அவரு என்ன உட்டுட்டுப் போகல்ல.”

பிறகு, அந்தச் சீலையால்தான் சுற்றினார்களா என்று கேட்டாள்.

“ஓம் தங்கச்சி.”

“சிவப்பு நூலோடயா?”

“ஓம், சிவப்பு நூலோடதான்.”

பெட்டி திறக்கும் ஓசை கேட்டது. முதல் வருஷமே வாங்கி வைத்த வெள்ளை உடுப்பு இருக்கிறது, இன்று பொழுது சாயும்போது மஃரிபோடு இத்தா இருக்கத் தொடங்குகிறேன், பக்கத்து வீட்டுப் பெண்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள் என்று அவள் சொன்னாள். குரல் இப்போது தெளிந்திருந்தது. செய்ய ஒரு காரியம் கிடைத்துவிட்ட குரல் அது.

ஜவுபர் எழுந்திருக்கவில்லை.

“தங்கச்சி, மௌலவியிட்டக் கேட்டன். இத்தா மௌத்தான நாளில இரிந்துதான் எண்ணுறயாம். நமக்குத் தெரிய வந்த நாளில இரிந்து இல்லையாம்.” என்றார் ஜவுபர். “அது எப்பவோ முடிஞ்சி போச்சி. இனி நீங்க இருக்கத் தேவையில்ல.”

“முடிஞ்சி போச்சா?”

“ஓம்.”

கதவுச் சீலை ஒருமுறை அசைந்து நின்றது.

“அந்த நாளெல்லாம்,” என்றாள் றாஹிலா, “அவரு வருவாரெண்டு நான் கலர்ச் சட்ட உடுத்திக்கிட்டு வாசலில நிண்டனே காக்கா.”

வாசலில் நின்ற சாமித்தம்பி மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெரு முனைவரை நடந்தான். அந்த வீட்டு வாசலில் அதை ஸ்டார்ட் பண்ண அவனுக்கு மனம் வரவில்லை.